உளசமூகச் செவிலியப் பராமரிப்புத் திட்டம்

உளசமூகச் செவிலியப் பராமரிப்புத் திட்டம் என்பது நோயாளி ஒருவரின் மனநிலை, உறவுகள், குடும்பப் பொறுப்புகள், வாழ்வாதாரம், நம்பிக்கைகள் ஆகியவற்றை நோயும் சிகிச்சையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை மதிப்பிட்டு, அதன் பொருட்டுச் செவிலியர் ஆற்றவேண்டிய பணிகளை எழுத்தில் வகுக்கும் ஆவணம் ஆகும். இது செவிலியக் கல்வியில் மாணவர்கள் எழுதிப் பழகும் பராமரிப்புத் திட்டங்களுள் ஒரு வகையாகும். உடல்நலப் பராமரிப்புத் திட்டம் காய்ச்சல், புண், மூச்சுத்திணறல் போன்ற அளக்கத்தக்க சிக்கல்களிலிருந்து தொடங்குகிறது. உளசமூகத் திட்டமோ பெரும்பாலும் நோயாளியின் சொற்களிலிருந்தும் மௌனத்திலிருந்தும் தொடங்குகிறது. மாணவர்கள் இதனைக் கடினமானதாகக் கருதுவதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

இத்திட்டம் மனநலப் பிரிவுக்கு மட்டும் உரியதன்று. அறுவைப் பிரிவு, மகப்பேற்றுப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, புற்றுநோய்ப் பிரிவு, முதியோர் இல்லம், சமூகநலப் பணி என எல்லா இடங்களிலும் இது எழுதப்படுகிறது.

பெயரும் வரையறையும்

உளசமூகம் என்னும் சொல், ஒருவரின் உள்ளத்து நிலையும் அவர் வாழும் சமூகச் சூழலும் ஒன்றையொன்று பாதிப்பன என்னும் கருத்தைக் குறிக்கிறது. வேலை இழந்தவருக்கு வரும் உறக்கமின்மையும், நீண்ட நோயினால் ஒருவரது உறவுகள் அறுந்து போவதும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.

கல்லூரி வழக்கில் இந்த ஆவணம் கேர் பிளான் என்றே அழைக்கப்படுகிறது. இதன் நடுப்பகுதியாக அமைவது செவிலிய அறுதியீடு ஆகும். இது மருத்துவ நோயறிதலிலிருந்து வேறுபட்டது. மருத்துவ நோயறிதல் நோயைப் பெயரிடுகிறது; செவிலிய அறுதியீடு, அந்நோய்க்கோ வாழ்க்கை நிகழ்வுக்கோ அம்மனிதர் எவ்வாறு எதிர்வினை ஆற்றுகிறார் என்பதைப் பெயரிடுகிறது. மார்பகப் புற்றுநோய் என்பது மருத்துவ நோயறிதல். மார்பகம் அகற்றப்பட்ட பெண் கண்ணாடியைத் தவிர்ப்பதும், கணவரைப் பார்க்க மறுப்பதும் செவிலிய அறுதியீட்டுக்கு உரியவை.

வரலாறு

செவிலியர் நோயாளி உறவையே சிகிச்சையின் ஒரு கருவியாக விளக்கிய முன்னோடி அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லோ ஆவார். செவிலியத்தில் ஆளிடை உறவுகள் குறித்த அவரது நூல் 1952 ஆம் ஆண்டில் வெளியானது. செவிலியப் பணியை ஒரு செயல்முறையாகக் காணும் கருத்தை லிடியா ஹால் 1955 இல் முன்வைத்தார். ஐடா ஜீன் ஓர்லாண்டோ 1961 இல் வெளியிட்ட நூல், நோயாளியின் நடத்தைக்குத் தாம் கொண்ட பொருள் சரிதானா என்பதைச் செவிலியர் அந்நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என வலியுறுத்தியது. இக்கருத்து உளசமூக மதிப்பீட்டின் அடிப்படை விதியாக இன்றும் கற்பிக்கப்படுகிறது.

ஹெலன் யூரா, மேரி வால்ஷ் ஆகியோர் 1967 இல் செவிலியச் செயல்முறையை மதிப்பீடு, திட்டமிடல், செயற்படுத்தல், மீள்மதிப்பீடு என்னும் நான்கு படிகளாக வகுத்தனர். 1973 இல் கிறிஸ்டின் கெபி, மேரி ஆன் லாவின் ஆகியோரின் முயற்சியால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் செவிலிய அறுதியீடுகளை வகைப்படுத்துவதற்கான முதல் தேசிய மாநாடு கூடியது. அதே ஆண்டில் அமெரிக்கச் செவிலியர் சங்கம் வெளியிட்ட பணித்தரங்களில் அறுதியீடும் இடம்பெற்றது. இதன்பின் ஐந்து படிகள் கொண்ட முறை நிலைபெற்றது. மாநாட்டின் தொடர்ச்சியாக 1982 இல் நாண்டா அமைப்பு உருவானது. இது 2002 இல் நாண்டா இன்டர்நேஷனல் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மருத்துவத் துறையில் ஜார்ஜ் எங்கல் 1977 இல் வெளியிட்ட உயிரிய உளசமூக மாதிரி, நோயை உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்று தளங்களிலும் காணவேண்டும் என்றது. இதுவும் செவிலியப் பாடத்திட்டங்களில் உளசமூகப் பகுதிக்கு வலுச் சேர்த்தது.

கோட்பாட்டு அடிப்படைகள்

மாணவர்கள் திட்டம் எழுதும்போது பின்வரும் கோட்பாடுகள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன.

* எரிக் எரிக்சனின் எட்டு வளர்ச்சிப் பருவங்கள்: 1950 இல் வெளியான நூலில் விளக்கப்பட்டவை. ஒரே நோய் பதின்வயதினருக்கும் முதியவருக்கும் வெவ்வேறு இழப்புகளைத் தருவதை விளக்க உதவுகின்றன.
* ஆபிரகாம் மாசுலோவின் தேவைப் படிநிலை (1943): சிக்கல்களை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தப் பயன்படுகிறது.
* ரிச்சர்டு லாசரசு, சூசன் ஃபோல்க்மன் ஆகியோரின் மன அழுத்தக் கோட்பாடு (1984): ஒரு நிகழ்வை விட, அந்நிகழ்வை ஒருவர் எவ்வாறு மதிப்பிடுகிறார் என்பதே அவரது அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது என்கிறது.
* மார்ஜரி கார்டனின் பதினொரு செயற்பாட்டு நலவாழ்வுப் பாங்குகள்: இவற்றுள் தன்னுணர்வு, பங்கும் உறவும், பாலியல், அழுத்தத்தைச் சமாளித்தல், விழுமியமும் நம்பிக்கையும் ஆகியவை நேரடியாக உளசமூகம் சார்ந்தவை.

எலிசபெத் கியூப்ளர் ராசு 1969 இல் விவரித்த துயரத்தின் ஐந்து நிலைகளும் கற்பிக்கப்படுகின்றன. எனினும் எல்லோரும் இந்நிலைகளை இதே வரிசையில் கடப்பதில்லை. ஆகவே நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்று முத்திரையிடுவதற்கு இதனைப் பயன்படுத்தலாகாது.

திட்டத்தின் படிகள்

மதிப்பீடு

மதிப்பீட்டில் இருவகைத் தரவுகள் திரட்டப்படுகின்றன. நோயாளி தாமே கூறுவது அகநிலைத் தரவு. செவிலியர் காண்பதும் அளப்பதும் புறநிலைத் தரவு. "நோயாளி சோகமாக இருக்கிறார்" என்பது இரண்டுமன்று. அது எழுதுபவரின் முடிவு மட்டுமே. "இரு நாட்களாகக் காலை உணவைத் தொடவில்லை, கேள்விகளுக்கு ஓரிரு சொற்களில் விடை தருகிறார், சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார்" என்பதே தரவாகும். நோயாளியின் முதன்மையான கூற்றுகளை அவரது சொற்களிலேயே மேற்கோள் குறிகளுக்குள் எழுதுமாறு மாணவர்கள் அறிவுறுத்தப்படுகின்றனர்.

உறவினர் யார், வீட்டில் யாரைப் பராமரிக்கும் பொறுப்பு உள்ளது, வருமானம் நின்றுவிட்டதா, முன்னர் வந்த துன்பங்களை எவ்வாறு எதிர்கொண்டார், வழிபாடும் நம்பிக்கையும் எத்தகையவை, மது, புகையிலைப் பழக்கம் உண்டா என்பன போன்றவை கேட்டறியப்படுகின்றன. நோயாளியின் வலிமைகளும் பதிவு செய்யப்படவேண்டும். நாள்தோறும் வந்து போகும் தங்கையும், விடாமல் படிக்கும் செய்தித்தாளும் திட்டத்திற்குப் பயன்படக்கூடிய செய்திகளே.

அளவீட்டுக் கருவிகளும் பயன்படுத்தப்படுகின்றன. மனச்சோர்வை மதிப்பிட ஒன்பது வினாக்கள் கொண்ட பி.எச்.கியூ-9 (2001), பதற்றத்தை மதிப்பிட ஏழு வினாக்கள் கொண்ட ஜி.ஏ.டி-7 (2006) ஆகியவை பரவலானவை. முன்னதில் 0 முதல் 27 வரையும் பின்னதில் 0 முதல் 21 வரையும் மதிப்பெண்கள் அமையும். இவை ஐயத்தைச் சுட்டுவனவே. இவற்றைக் கொண்டு மட்டும் நோய் இன்னதென முடிவு செய்ய இயலாது.

அமைதியின்மையோ குழப்பமோ திடீரெனத் தோன்றினால் அதனை உடனே உளசமூகச் சிக்கலாக எழுதிவிடுதல் ஆபத்தானது. குருதியில் ஆக்சிசன் குறைதல், சர்க்கரை குறைதல், நோய்த்தொற்று, கடும் வலி, சிறுநீர்த் தேக்கம், மருந்தின் விளைவு, மதுவை நிறுத்தியதன் விளைவு ஆகியவையும் இவ்வாறே வெளிப்படும். உடற்காரணங்களை முதலில் ஆராய்ந்து, பொறுப்புச் செவிலியருக்கோ மருத்துவருக்கோ தெரிவிப்பது மாணவரின் கடமையாகும்.

அறுதியீடு

அறுதியீட்டுக் கூற்று மூன்று உறுப்புகளைக் கொண்டது: சிக்கல், காரணம், சான்று. இம்முறையை மார்ஜரி கார்டன் 1976 இல் முன்வைத்தார். இடர் மட்டும் உள்ள நிலையில் சிக்கல் இன்னும் தோன்றவில்லை என்பதால் சான்று இராது. சிக்கலும் இடர்க் காரணிகளும் மட்டுமே எழுதப்படும்.

பதற்றம், அச்சம், நம்பிக்கையின்மை, ஆற்றலின்மை உணர்வு, சமூகத் தனிமை, உடற்படிமக் குலைவு, தன்மதிப்புக் குறைவு, பராமரிப்பவரின் சுமை, ஆன்மீகத் துன்பம் ஆகியவை நாண்டா பட்டியல்களில் இடம்பெற்று வந்த உளசமூக அறுதியீடுகளுள் சில. பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால் சொற்கள் மாறுவதுண்டு. எனவே மாணவர்கள் தம் கல்லூரி ஏற்றுள்ள பதிப்பையே பின்பற்றுவது வழக்கம்.

அச்சத்திற்கும் பதற்றத்திற்கும் இடையிலான வேறுபாடு மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடமாகும். நாளை நடக்கவுள்ள அறுவையை நோயாளி சுட்டிக்காட்டி அஞ்சினால் அது அச்சம். எதனால் என்று கூற முடியாத கலக்கம் பதற்றம் ஆகும்.

இலக்கு

இலக்கு நோயாளி செய்வதாக அமையவேண்டும். செவிலியர் செய்வதாக அன்று. அது காணத்தக்கதாகவும், கால வரையறை உடையதாகவும், நோயாளி ஏற்றுக்கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். "நோயாளியின் பதற்றம் குறையும்" என்பது மதிப்பிட இயலாத இலக்கு. "பணிநேரம் முடிவதற்குள், தம்மைக் கலங்கவைக்கும் இரண்டு காரணங்களைத் தம் சொற்களில் கூறுவார்" என்பது மதிப்பிடத்தக்கது. "நோயாளி அழமாட்டார்" என்பது தவறான இலக்கு. இழப்புக்கு அழுவது இயல்பு. அதனை நிறுத்துவது செவிலியத்தின் நோக்கமன்று.

இடையீடு

இடையீடு என்பது இலக்கை அடையச் செவிலியர் செய்யும் செயல் ஆகும். ஒவ்வோர் இடையீட்டுக்கும் அறிவியல் காரணம் ஒன்றை மாணவர் எழுதவேண்டும். "மனத்துணை அளித்தல்", "ஊக்கப்படுத்துதல்" என்று மட்டும் எழுதினால் அடுத்த பணிநேரச் செவிலியர் என்ன செய்வது என அறிய இயலாது. யார், எப்போது, எவ்வளவு நேரம், எதனைச் செய்வர் என்பது தெளிவாக இருக்கவேண்டும். அயோவா பல்கலைக்கழகத்தில் உருவான செவிலிய இடையீட்டு வகைப்பாடு 1992 இலும், விளைவு வகைப்பாடு 1997 இலும் நூல்வடிவம் பெற்றன. இவை பாடநூல்களில் அறுதியீடுகளுடன் இணைத்துக் கற்பிக்கப்படுகின்றன.

மீள்மதிப்பீடு

குறித்த காலம் முடிந்ததும் இலக்கு முழுமையாக எட்டப்பட்டதா, ஓரளவு எட்டப்பட்டதா, எட்டப்படவில்லையா என்பது சான்றுடன் எழுதப்படும். எட்டப்படாத இலக்கு மாணவரின் தோல்வியாகக் கொள்ளப்படுவதில்லை. தரவு போதவில்லையா, அறுதியீடு பொருந்தவில்லையா, காலம் குறைவா என ஆராய்ந்து திட்டத்தைத் திருத்துவதே இப்படியின் நோக்கம்.

எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட கற்பனை நிலையாகும். நீரிழிவுப் புண்ணால் வலது கால் முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்ட 58 வயதுச் சுமையுந்து ஓட்டுநர் ஒருவர், அறுவைக்குப் பின் நான்காம் நாளில் இருக்கிறார். புண்கட்டு மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போர்வையை எப்போதும் இடுப்புவரை இழுத்து மூடுகிறார். பார்க்க வந்த நண்பர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இனி என்னால் வீட்டுக்கு என்ன பயன்?" என்று ஒருமுறை கூறினார். இரவில் உறங்குவதில்லை என மனைவி தெரிவிக்கிறார்.

* முதற்பணி: அவரது கூற்றின் பொருளை அவரிடமே கேட்டல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்டல், உறக்கமின்மைக்கு வலியோ, இல்லாத காலில் உணரப்படும் மாய உறுப்பு வலியோ காரணமா என மதிப்பிடல்.
* அறுதியீடு: உடற்படிமக் குலைவு, காரணம் வலது காலின் கீழ்ப்பகுதியை இழந்தமை, சான்று புண்கட்டு மாற்றும்போது முகத்தைத் திருப்புதல், உறுப்பை மூடி மறைத்தல், நண்பர்களைச் சந்திக்க மறுத்தல்.
* இலக்கு: 48 மணி நேரத்திற்குள் புண்கட்டு மாற்றும்போது ஒருமுறையேனும் எஞ்சிய காலைப் பார்ப்பார், வீடு திரும்புமுன் அதனைப் பராமரிக்கும் இரண்டு செயல்களைத் தாமே செய்து காட்டுவார்.
* இடையீடு 1: ஒவ்வொரு பணிநேரத்திலும் குறித்த நேரத்தில் 10 நிமிடங்கள் அருகில் அமர்தல். சொன்ன நேரத்தில் வருவது நம்பிக்கையை வளர்க்கிறது.
* இடையீடு 2: புண்கட்டு மாற்றுகையில் செய்வதை அமைதியான குரலில் விளக்குதல், பார்க்குமாறு வற்புறுத்தாதிருத்தல். செவிலியரின் முகக்குறிப்பைக் கொண்டே நோயாளி தம் உடலை மதிப்பிடத் தொடங்குகிறார்.
* இடையீடு 3: அவர் உடன்பட்டால் மனைவியையும் பராமரிப்பில் சேர்த்தல், செயற்கைக் கால் பொருத்தி நடமாடும் ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தல்.
* இடையீடு 4: வருமானம், மாற்றுத் தொழில், உதவித்தொகை ஆகியவை பற்றிப் பேச மருத்துவச் சமூகப்பணியாளரிடம் பரிந்துரைத்தல், இயன்முறை மருத்துவருடன் நடைப்பயிற்சியைத் திட்டமிடல்.
* மீள்மதிப்பீடு: இரண்டாம் நாளில் காலைப் பார்த்தார், தொடவில்லை. முதல் இலக்கு எட்டப்பட்டது. இரண்டாவது இலக்கு தொடர்கிறது.

"எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்" என்பது இந்நிலையில் பெரும்பாலான மாணவர்கள் கூறும் முதல் மறுமொழி. இது போலி ஆறுதல் என வகைப்படுத்தப்படுகிறது. இது உரையாடலை முடித்துவிடுகிறது. நோயாளி அடுத்து கூறவிருந்தது கூறப்படாமலே போகிறது.

தற்கொலை இடரும் முன்னுரிமையும்

தற்கொலை பற்றிக் கேட்டால் அவ்வெண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்பது மாணவர்களிடையே பரவலாக உள்ள அச்சம் ஆகும். நேரடியாகவும் பரிவுடனும் கேட்பது அவ்வெண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. எண்ணம் உண்டா, வழி யோசிக்கப்பட்டுள்ளதா, அதற்கான பொருள் கைக்கெட்டும் நிலையில் உள்ளதா, முன்னர் முயன்றதுண்டா, எதற்காக வாழ விரும்புகிறார் என்பவை கேட்கப்படவேண்டும். இடர் இருப்பதாகத் தெரிந்தால் நோயாளியைத் தனியே விடாமல் உடனே பொறுப்புச் செவிலியருக்குத் தெரிவிக்கவேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்குறுதியை மாணவர் அளிக்கலாகாது. உயிருக்கு இடர் உள்ளபோது வேறு எந்த உளசமூகச் சிக்கலும் திட்டத்தில் இதற்கு முன் வரிசைப்படுத்தப்படுவதில்லை.

கற்பிக்கும் முறைகள்

மாணவர் முதலில் கற்பனை நோயாளிகளைக் கொண்டு வகுப்பறையில் திட்டம் எழுதுகிறார். பின்னர் மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பொறுப்பேற்று எழுதுகிறார். பத்திகளாகப் பிரிக்கப்பட்ட அட்டவணையே மரபான வடிவம். நோயாளியை நடுவில் வைத்துச் சிக்கல்களைக் கோடுகளால் இணைக்கும் கருத்துப்படமும் பயன்படுகிறது. ஒரு சிக்கல் மற்றொன்றுக்குக் காரணமாவதைக் கருத்துப்படம் எளிதில் காட்டுகிறது.

மனநலச் செவிலியத்தில் உரையாடல் பதிவு என்னும் பயிற்சியும் உண்டு. இதில் நோயாளி கூறியது, மாணவர் கூறியது, அப்போது மாணவர் உணர்ந்தது, பயன்படுத்திய உரையாடல் உத்தி ஆகியவை வரிவரியாக எழுதப்பட்டு ஆசிரியருடன் ஆராயப்படும். நோயாளியின் பேச்சை மாணவர் எங்கே மாற்றிவிட்டார் என்பது இதில் வெளிப்படும்.

ஐக்கிய அமெரிக்காவில் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்சின் நான்கு பெரும் பிரிவுகளுள் ஒன்று உளசமூக நலம் பற்றியது. பதிவுசெய்த செவிலியருக்கான 2023 ஆம் ஆண்டுத் தேர்வுத் திட்டத்தில் இதன் பங்கு 6 முதல் 12 விழுக்காடு ஆகும். அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கிய புதிய வடிவத் தேர்வு, குறிப்புகளை இனங்காணல் முதல் விளைவை மதிப்பிடல் வரையிலான ஆறு படிகளில் மருத்துவமனைசார் தீர்மானிக்கும் திறனைச் சோதிக்கிறது.

மாணவரின் தாளில் நோயாளியின் பெயர், முகவரி, மருத்துவமனை எண் ஆகியவை இடம்பெறலாகாது. குடும்பச் சச்சரவு, பாலியல், மதுப்பழக்கம் போன்ற செய்திகள் உளசமூகத் திட்டத்தில் மிகுதியாக இருப்பதால், அவற்றுள் பராமரிப்புக்குத் தேவையானதை மட்டுமே எழுதுவது நெறியாகும்.

இந்தியாவில்

இந்தியாவில் செவிலியக் கல்வி 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியச் செவிலியர் மன்றத்தின் தரங்களுக்கு உட்பட்டு வந்துள்ளது. செவிலிய இளநிலைப் பட்டப்படிப்பு 1946 இல் தில்லியிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. மனநலச் செவிலியப் பயிற்சியில் நோய் வரலாறு எடுத்தல், மனநிலைப் பரிசோதனை, உரையாடல் பதிவு, பராமரிப்புத் திட்டம் ஆகியவை செய்முறைத் தேவைகளாக உள்ளன. 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படவேண்டும் என்றும், மாறாக நிறுவப்பட்டாலன்றித் தண்டிக்கப்படலாகாது என்றும் கூறுகிறது. அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாகவும் ஆக்குகிறது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு மொழியும் ஒரு சிக்கலாகும். நோயாளி தமிழில் பேசுகிறார். திட்டம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. "நெஞ்சு படபடங்குது", "மனசே சரியில்ல", "வயித்தக் கலக்குது" போன்ற கூற்றுகள் ஒற்றை ஆங்கிலக் கலைச்சொல்லாகச் சுருங்கும்போது பொருள் இழக்கின்றன. நெஞ்சுப் படபடப்பு பதற்றமாகவும் இருக்கலாம், இதய நோயாகவும் இருக்கலாம். நோயாளியின் தமிழ்ச் சொற்களை அவ்வாறே குறித்து, பின்னர் பொருளை எழுதுவது இவ்விழப்பைக் குறைக்கும். படுக்கையருகே உறவினர் எப்போதும் இருப்பது துணையாக அமைந்தாலும், அவர்கள் முன்னிலையில் நோயாளி பேசத் தயங்குவதும் உண்டு. உறவினர் கூறியதை நோயாளி கூறியதாக எழுதாமல், கூறியவர் யாரெனத் தனியே குறிக்கவேண்டும்.

திறனாய்வு

மாணவர் எழுதும் நீண்ட திட்டங்கள் பணியிடத்தில் எழுதப்படுவனவற்றோடு ஒப்பிடத்தக்கவை அல்ல என்பது பொதுவான குறைகூறல் ஆகும். மருத்துவமனைகளில் மின்னணுப் பதிவேடுகளில் ஆயத்தமாக உள்ள வரிகளைத் தேர்ந்தெடுப்பதே பல இடங்களில் வழக்கம். பாடநூலிலிருந்து படியெடுக்கும் பழக்கமும் உள்ளது. அவ்வாறு எழுதப்பட்ட திட்டத்தில் பெயரை மாற்றினால் அது எந்த நோயாளிக்கும் பொருந்தும். அறுதியீட்டுச் சொற்கள் அமெரிக்கப் பண்பாட்டைச் சார்ந்தவை என்பதும், இயல்பான துயரத்தையும் வறுமையின் விளைவையும் தனிமனிதக் குறையாகப் பெயரிடுகின்றன என்பதும் பிற குறைகூறல்கள்.

இத்திட்டங்களை ஆதரிப்போர், இவற்றின் நோக்கம் ஆவணமன்று, சிந்தனைப் பயிற்சியே என்கின்றனர். ஒரு கூற்றைக் கேட்டு, அதற்குச் சான்று தேடி, பொருளை உறுதிசெய்து, செய்யத்தக்க ஒன்றைத் தெரிவுசெய்யும் பழக்கம் எழுதிப் பழகுவதால் உருவாகிறது. பின்னாளில் தாள் இல்லாதபோதும் அப்பழக்கம் செவிலியரிடம் எஞ்சுகிறது என்பது அவர்களது வாதமாகும்.

இவற்றையும் பார்க்க

* செவிலியம்
* செவிலியச் செயல்முறை
* மனநலச் செவிலியம்
* மனச்சோர்வு
* தற்கொலைத் தடுப்பு